இடுப்புப் பெல்ட் கட்டினால் முதுகு வலி நிரந்தரமாகப் போய்விடும் என்று விற்பவர்களிடம் கவனம்

நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு இடுப்புப் பெல்ட் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பெல்ட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெல்ட்டைச் சிகிச்சை என்று சொல்லி, காலையிலிருந்து ராத்திரி வரை கட்டிக்கொண்டே இருங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்குப் போனது பணம் மட்டுமில்லை. பல மாதங்கள் போயின, வலது தொடையில் ஒரு பகுதி மரத்துப் போனது.

வலி எனக்கு ஒரு வருடத்துக்கு மேலாகவே இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். குனிந்தால் சுரீர் என்று இழுக்கும். தூக்கத்தில் புரண்டு படுத்தாலே விழிப்பு வந்துவிடும். இப்படி வலியோடு நாளை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், யாராவது "சரியாகிவிடும்" என்று உறுதியாகச் சொன்னால் அந்தப் பேச்சுக்கே மனம் எவ்வளவு ஏங்கும் என்று. அந்த ஏக்கம்தான் இவர்களுடைய முதலீடு.

இலவச முதுகுத்தண்டுப் பரிசோதனை என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் அந்த மையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு, சுவரில் நரம்புகளின் படம், மேசை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு. கோட்டு போட்டிருந்தவர் தன்னை டாக்டர் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. ஆனால் வரவேற்பில் இருந்தவர் "டாக்டர் கூப்பிடறார்" என்றுதான் உள்ளே அனுப்பினார். அவர் மருத்துவரும் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை, விற்பனைப் பிரதிநிதி என்பது பின்னால் தெரிய வந்தது. அன்றைக்கு அவர் என்னைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, வலி காலுக்கு இறங்குகிறதா என்று கேட்கவில்லை. சட்டைக்கு மேலேயே முதுகில் விரலை ஓட்டிவிட்டு, "சார், உங்களுக்கு ஜவ்வு விலகியிருக்கு. இந்த பெல்ட் அதை உள்ளே தள்ளிடும்" என்றார்.

அடுத்து அவர் செய்துகாட்டியதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வெவ்வேறு ஊரில் வெவ்வேறு பொருளை வைத்துச் செய்கிறார்கள். கால் இரண்டையும் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கீழே அழுத்தினார். நான் சாய்ந்தேன். பிறகு காந்தம் வைத்த பெல்ட்டை என் இடுப்பில் கட்டி, மறுபடி அழுத்தினார். அசையாமல் நின்றேன். "பார்த்தீங்களா, இதுதான் முதுகுத்தண்டுக்கு வந்த பலம்" என்றார். உண்மையில் பலம் எங்கிருந்தும் வரவில்லை. முதல் தடவை மணிக்கட்டில், உடம்பை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து அழுத்துவார்கள். உடம்பு நிலை தடுமாறும். இரண்டாம் தடவை முழங்கைக்குப் பக்கத்தில், உடம்பை நோக்கி அழுத்துவார்கள். எவரும் ஆடாமல் நிற்பார். இரண்டாவது முறை நாமும் தயாராக இருப்போம். யாராவது உங்களிடம் இதைச் செய்தால், ஒரே மாதிரியான இரண்டு பைகளில் ஒன்றில் மட்டும் பெல்ட்டைப் போட்டு மூடி, எந்தப் பையில் பெல்ட் இருக்கிறது என்று அழுத்துகிறவருக்கே தெரியாதபடி செய்யச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அளவு எடுத்த விதம் அடுத்த கோளாறு. "பேன்ட் சைஸ் என்ன?" என்று கேட்டு, அந்த எண்ணுக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பேன்ட் அளவும் பெல்ட் அளவும் ஒன்றில்லை. நிற்க வைத்து, வயிற்றைச் சுற்றி டேப் வைத்து, அந்தக் கம்பெனி அட்டவணை எங்கே அளக்கச் சொல்கிறதோ அங்கே அளக்க வேண்டும். பலருக்குத் தொப்புள் மட்டத்துச் சுற்றளவு பேன்ட் எண்ணை விட நிறையவே கூடுதலாக இருக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு சைஸ் சின்னது. அதை அவர் இழுத்துக் கட்டிவிட்டு, "இறுக்கமா இருந்தாத்தான் வேலை செய்யும். தூங்கும்போதும் கழட்டாதீங்க. நடைப்பயிற்சி, உடற்பயிற்சி எல்லாத்தையும் நிறுத்திடுங்க, ஜவ்வு உள்ளே போற வரைக்கும்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என் கோபத்துக்கே காரணம். விற்கிற பொருள் மட்டமாக இருந்தால் காசோடு போய்விடும். வலியோடு இருக்கிற ஒருவரை நடக்காதே என்று சொல்லி வீட்டில் உட்கார வைப்பது அவருடைய உடம்பைக் கெடுக்கிற காரியம்.

கட்ட ஆரம்பித்த புதிதில் இதமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். இடுப்பைச் சுற்றிச் சூடு, ஒரு பிடிமானம். ஆனால் சில வாரங்களில் சாப்பிட்டவுடன் நெஞ்செரிச்சல் வர ஆரம்பித்தது. பெல்ட்டின் பின்பக்கத்தில் முதுகுக்கு நிமிர்வு கொடுக்க வைக்கும் ஸ்டீல் பட்டைகளில் ஒன்று, தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் முனைக்கு ரப்பர் உறையோ மழுங்கலான வளைவோ கிடையாது. வெட்டிய தகடு அப்படியே. உட்காரும்போதெல்லாம் அது இடுப்புக்குக் கீழே ஒரே இடத்தில் குத்தித் தோல் சிவந்து புண்ணானது. பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குரு. அப்புறம் வலது தொடையின் வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு, எரிச்சலும் மரத்த உணர்வும். அங்கே துணி உரசினாலே கூசியது.

திரும்பப் போய்ச் சொன்னேன். "வலி கூடுனா குணமாகுதுன்னு அர்த்தம், நச்சு வெளியேறுது" என்று பதில். நரம்பு மரத்துப் போவதற்கும் நச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் பேச்சு மாறியது: காற்றடிக்கிற இன்னொரு மாடல் இருக்கிறதாம், கூடுதல் பணம் கட்டினால் மாற்றித் தருவார்களாம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். உடம்பில் படும் பொருள் என்பதால் சுகாதாரக் காரணத்துக்காகத் திரும்பப் பெற இயலாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. விற்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிக் காட்டவில்லை. தையல் கிழிந்தது உற்பத்திக் குறைதானே என்றால், "நீங்க தப்பா உபயோகிச்சிருக்கீங்க" என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு எலும்பு மருத்துவர் ஒருவரையும், அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட்டையும் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட் பெல்ட்டைக் கட்டிக் காட்டச் சொன்னார், பார்த்த உடனே காரணத்தைப் பிடித்துவிட்டார். இடுப்பெலும்பு முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று ஓடுகிறது. இறுக்கமான பெல்ட் அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் தொடை மரத்து எரியும். மெரால்ஜியா பரஸ்தெட்டிகா என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் அழுத்தத்தை எடுத்துவிட்டால் மெல்ல மெல்லக் குறையும் என்றார். எனக்குக் குறைந்துகொண்டு வருகிறது, முழுதாகப் போகவில்லை. நெஞ்செரிச்சலுக்கும் அதே கதைதான்: வயிற்றை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏறும்.

ஜவ்வு விலகல் என்று பயமுறுத்தினார்களே, அதையும் கேட்டேன். அவர்கள் ஜவ்வு என்று சொன்ன டிஸ்க், மேலும் கீழும் உள்ள இரண்டு முள்ளெலும்புகளோடும் இறுக ஒட்டியிருப்பது. டிராயர் மாதிரி வெளியே வந்து, தள்ளினால் உள்ளே போகிற பொருள் இல்லை. அதன் உள்சதை பிதுங்கலாம். அந்தப் பிதுக்கம் பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்கிவிடுகிறது. வெளியே கட்டுகிற பட்டை எதுவும் அதை உள்ளே தள்ளாது. பெல்ட் செய்வதெல்லாம் அசைவைக் கொஞ்சம் கட்டுப்படுத்துவது, சூடு தருவது, குனியாதே என்று உடம்புக்கு நினைவூட்டுவது. அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் சொந்தக் கருத்தில்லை. நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, குறிப்பிட்ட நோய்க் காரணம் எதுவும் பிடிபடாத வலியைப் பற்றியது அது. வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறவற்றில் இடுப்புப் பெல்ட், பிரேஸ் (முதுகை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் கட்டு) வகைகளும் இருக்கின்றன. இழுவைச் சிகிச்சையும் இருக்கிறது. பரிந்துரைப்பவற்றில் முறையான உடற்பயிற்சி இருக்கிறது, வலியைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் இருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-லேயே கீழ் முதுகு வலிக்கு பெல்ட் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. பாரம் தூக்குகிற தொழிலாளிகளுக்கு முதுகுக் காயம் வராமல் தடுக்க பெல்ட் உதவுமா என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 1994-இல் ஆராய்ந்தது, அதற்கும் பரிந்துரைக்கவில்லை. 2020 கணக்குப்படி உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்தது. இத்தனை பேர் வலியோடு இருக்கும்போது விற்கிறவர்கள் ஏன் விடப் போகிறார்கள்?

பெல்ட் யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முள்ளெலும்பு முறிந்தவர்களுக்கும், சில முதுகு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும், வளைந்த முதுகுத்தண்டு உள்ள வளரிளம் பிள்ளைகளுக்கும் மருத்துவரே பிரேஸ் எழுதிக் கொடுப்பார். அது வேறு வகை, அளவெடுத்துச் செய்வதும் உண்டு. அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவைப் படித்துவிட்டுக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். சாதாரண எலாஸ்டிக் பெல்ட் கூட, வலி அதிகமான நாளில் ஒரு பயணத்துக்கோ கொஞ்ச நேர வேலைக்கோ கட்டிக்கொண்டால் சிலருக்கு நடமாடத் தைரியம் தருகிறது. கொஞ்ச நாள் கட்டுவதாலேயே தசை பலவீனமாகிவிடும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்று என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அவர் தினமும் பார்க்கிற சிக்கல் வேறு: பெல்ட் இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தூக்கக் கூடப் பயப்படுகிற நிலைக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

அப்படிக் கட்டுவதாக இருந்தால் மெல்லிய பருத்தி பனியனுக்கு மேலே கட்டுங்கள். மேல் விளிம்பு விலா எலும்பில் இடிக்கக் கூடாது, உட்காரும்போது கீழ் விளிம்பு இடுப்பு மடிப்பில் அழுத்தக் கூடாது. மூச்சை நன்றாக இழுத்துவிட முடிய வேண்டும், விரல்கள் உள்ளே நுழைய வேண்டும். மரத்துப்போனாலோ எரிந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

விளம்பர வார்த்தைகளில் இரண்டு மூன்றைக் கவனியுங்கள். காந்தம் வைத்த பெல்ட் நாள்பட்ட முதுகு வலியைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. "அமெரிக்க எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது" என்று பெட்டியில் இருந்தால் மயங்க வேண்டாம், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அந்த அரசு அமைப்பில் கம்பெனி தன் பெயரையும் பொருளையும் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, பதிவு என்பது அங்கீகாரம் ஆகாது என்று அந்த அமைப்பே சொல்கிறது. "நிரந்தரத் தீர்வு", "அறுவை சிகிச்சை தேவையில்லை" என்கிற பேச்சு வந்தால் அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். திரும்பப் பெறும் விதியைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள். பெட்டி, துண்டறிக்கை, பேசிய செய்திகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் இப்போது கொடுத்திருக்கும் நுகர்வோர் புகாருக்கு ஆதாரமாக நிற்பது கிழிந்த பெல்ட்டின் படங்களும் "நச்சு வெளியேறுது" என்று அவர்கள் அனுப்பிய குரல் பதிவும்தான்.

கடைசியாக ஒன்று. முதுகு வலியோடு சிறுநீர் போவதில் தடையோ கட்டுப்பாடின்மையோ, மலம் அடக்க முடியாமையோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவதோ, கால் திடீரென்று வலுவிழப்பதோ இருந்தால் எந்த பெல்ட்டையும் தேடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். என்னைப் பரிசோதித்ததாகச் சொன்ன அந்த மையத்தில் இதில் ஒரு கேள்வியைக் கூட யாரும் கேட்கவில்லை.