ஆப்பிள் மரத்தின் கொப்பு வெட்டப் பழக்குகிறோம் என்பவர்களிடம் 180 பவுண் கட்டுமுன் இதை வாசியுங்கள்

இங்கிலாந்தில் பின்வளவில் பழைய ஆப்பிள் மரம் வைத்திருக்கிற எங்கள் சனத்துக்காக அவசரமாக எழுதுகிறேன். 180 பவுண் போய்விட்டது. வயிறு எரிகிறது.

எங்கள் வளவில் நிற்பது பிராம்லி, சமையலுக்குப் போடுகிற புளிப்பு ஆப்பிள். பல வருடம் யாரும் கவாத்துப் பண்ணாமல், அதாவது கொப்பு வெட்டித் திருத்தாமல், கொப்புக்குள் கொப்பாக அடைந்து கிடக்கிறது. தோட்ட வகுப்புகள் விற்கிற ஓர் இணையத்தளத்தில், மரத்தின் படத்தை அனுப்பினால் எதை எங்கே வெட்டுவது என்று ஆசிரியரே கோடு போட்டுத் தருவார் என்றார்கள். காசு கட்டுமுன் ஒருவர் வீடியோவில் பேசினார். படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே குளிர்காலத்தில் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது, மூன்று வருடமாகப் பிரித்துச் செய்வோம்" என்றார். அது சரியான பேச்சு. அடைந்த பழைய மரத்துக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த இடத்திலேயே நம்பி 180 பவுணைக் கட்டினேன். அதற்குப் பிறகு அந்த முகத்தை நான் காணவே இல்லை.

வந்ததெல்லாம் முன்பே பதிவுசெய்த வீடியோக்கள். அதுவும் இடுப்பளவு குட்டை மரங்களுக்கு. எல்லாக் கொப்பின் நுனியையும் நறுக்கச் சொல்கிறார்கள். பிராம்லி நுனியிலும் காய்க்கிற இனம், நுனியை எல்லாம் நறுக்கினால் காய்ப்புக் குறைந்துவிடும். கோடு போட்ட படமும் ஒருவழியாக வந்தது. அதில் பச்சை வேலி! எங்கள் வளவில் வேலியே இல்லை, செங்கல் மதில். யாரோ ஒருவரின் மரத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டால், "ஆசிரியர் விடுமுறையில்." திரும்பக் கேட்டால், "உங்கள் பொறுமைக்கு நன்றி." காசைத் திருப்பித் தாருங்கள் என்றால், "வீடியோவைத் திறந்துவிட்டீர்கள், முடியாது." போன் நம்பர் கிடையாது. மாசி முடியப்போகிறது, மொட்டு வீங்குமுன் வெட்ட வேண்டிய நேரம் கைவிட்டுப் போகிறது. 180 பவுண்!

கவாத்து முறையை விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் இல்லை. இவ்வளவுதான்: கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளுக்கும் சேவைக்கும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்ட் கம்பனியும் பொறுப்பு. நான் டெபிட் கார்டில் கட்டியதால் வங்கியிடம் முறைப்பாடு போட்டுவிட்டு நிற்கிறேன். பாடம் நேரடியா, பதிவா என்று எழுத்தில் வாங்காமல் எந்த வீடியோவையும் திறக்காதீர்கள். ஒரு குளிர்காலத்தில் மரத்தின் கால்வாசிக்கு மேல் வெட்டாதீர்கள், வெட்டினால் காய்க்காத நெட்டைத் தளிராகக் கிளம்பும். பக்கத்தில் பிளம் மரம் நின்றால் இப்போது கத்தரியை அதில் வைக்கவே வேண்டாம். வெள்ளியிலை என்கிற பூஞ்சை நோய் பிடிக்கலாம், பிளம்மைக் கோடையில்தான் வெட்ட வேண்டும்.