வள்ளத்தில் நீராவிச் சக்கரம்: வேலை சுத்தம், பாரக் கணக்குதான் இல்லை

நெய்யாறு கடலில் சேரும் பூவாறு பொழிக்கு இந்தப் பக்கம், குமரி எல்லையில், பழைய பைபர் வள்ளத்தை நீராவிச் சக்கரப் படகாக மாற்றித் தரும் ஒரு பட்டறையின் வேலை பற்றியது இது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம். பார்த்த படகு 22 அடி நீளம், நீர்மட்டத்தில் 1.5 மீட்டர் அகலம். இரு பக்கமும் தண்ணீரைத் தள்ளி ஓட்டும் பலகைச் சக்கரம் ஒவ்வொன்று, சிரட்டையும் விறகும் எரிக்கும் சின்ன பாய்லர், ஆறு பேருக்கு இருக்கை.

நெய்யாற்றுக் கழிமுகத்துக்கும், 1860-ல் வெட்டத் தொடங்கி இன்று தூர்ந்து கிடக்கும் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயில் தண்ணீர் நிற்கிற பகுதிகளுக்கும் சக்கரம் பொருத்தமானதுதான். மணல்திட்டில் புரொப்பல்லர் இடிக்கும் இடத்தில் சக்கரம் தாண்டிவிடும். குளவாழை (ஆகாயத்தாமரை) சுற்றினாலும் கையெட்டும் தூரத்தில் வெட்டி எறியலாம்.

சக்கர வேலையில் குறை இல்லை. 1.1 மீட்டர் விட்டம், 8 பலகை, ஒவ்வொன்றும் 40 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம், எல்லாம் அயனி மரம். பலகை தானாகத் திரும்பிக்கொள்ளும் வகைச் சக்கரம் வேண்டாம் என்று இவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது சரி. உப்புத்தண்ணியும் மணலும் சேர்ந்தால் அதன் பின்கள் சீக்கிரம் தேயும், எடையும் கூடும். அச்சைத் தாங்கும் பேரிங்கை விளிம்பில் நேராக முடுக்காமல், உள்ளே வங்கு (விலாச்சட்டம்) ஒட்டி, அதன் மேல் குறுக்குச் சட்டம் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். பைபர் உடம்பு அலையில் நெளியும். சட்டம் இல்லையென்றால் அச்சு கோணி, பேரிங் சூடேறி, விளிம்பில் கீறல் விழும். பேரிங்கின் கூடாகக் கோணல் தாங்கும் பிளம்மர் பிளாக்கையே போட்டிருப்பதும் நல்லது.

இடிப்பது எடையில். பட்டறை எடைப் பட்டியல் தருவதில்லை. ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெறும் வள்ளம் 380 கிலோ, தண்ணீரோடு பாய்லர் 160, இன்ஜின் 55, சக்கரமும் அச்சும் 120, சக்கரக்கூடு 70, தகரக் கூரை 60, புகைக்குழாய் 15, விறகு 60, பாய்லருக்கு ஊட்டுத் தண்ணீர் 40. ஆக 960. ஆறு பேரை 65 கிலோ வீதம் ஏற்றினால் 1,350.

இந்த வள்ளம் 1 செ.மீ. தாழ ஏறத்தாழ 67 கிலோ வேண்டும். ஆறு பேர் ஏறினால் 6 செ.மீ. இறங்கும். பட்டறையோ காலிப் படகில் பலகையின் மேல்விளிம்பு 3 செ.மீ. மூழ்கும்படி சக்கரத்தை வைத்துவிடுகிறது. ஆள் ஏறியதும் அது 9 செ.மீ. ஆகிவிடும். பலகை தண்ணியை அறைந்துகொண்டு இறங்கும், வெளிவரும்போது வாளியில் அள்ளுவதுபோல் தூக்கி வரும். இன்ஜின் திணறுவது அதனால்தான், பாய்லர் சின்னது என்பதால் அல்ல. முழு ஆளோடு 3 செ.மீ. வருமாறு வைத்தால் காலியாக ஓடும்போது பலகை கொஞ்சம் வெளியே தெரியும். அதனால் கெடுதல் இல்லை. பலகைக்கு ஒற்றைத் துளை போடாமல் நீள்துளை போட்டுத் தரச் சொல்லுங்கள், 4 செ.மீ. உள்ளே வெளியே நகர்த்தலாம்.

அடுத்தது நிலைப்பு. காலிப் படகில் ஏறி நின்று குலுக்கிக் காட்டி, "பாறை மாதிரி நிக்குது பாருங்க" என்பார்கள். காலியாக நிற்பது உண்மை. எடை மையத்துக்கும் படகு சாய்ந்து சுழலும் மேல்மையத்துக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஜி.எம்., அப்போது 50 செ.மீ.க்கு மேல் இருக்கும். ஆறு பேர் உட்கார்ந்ததும் அது 29-க்கு வந்துவிடுகிறது. அந்த நிலையில் ஒரே ஓர் ஆள் நடுவிலிருந்து 60 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே கிட்டத்தட்ட 6 டிகிரி சாயும். சக்கரம் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருப்பதால் ஒன்று 10 செ.மீ. இறங்கும், மற்றது 10 செ.மீ. ஏறும். சக்கரத்தை முழு ஆளோடு 3 செ.மீ.க்குத் திருத்தி வைத்திருந்தால் ஏறிய பக்கம் 5 செ.மீ. பலகைதான் தண்ணியில் இருக்கும், இறங்கிய பக்கம் முழுதாகத் தள்ளும். படகு ஏறிய பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். சுக்கான்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த ஜி.எம்.மைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். அடியில் தேங்கிய தண்ணியை இறைத்து, காற்றில்லாத காலையில், கயிற்றைத் தளர விட்டு, இருக்கைகளில் 65 கிலோ மணல் மூட்டைகளை வையுங்கள். மூட்டையைப் பலகையில் நேராக வைத்தால் எடை மனிதனைவிடத் தாழ்ந்துவிடும், ஒரு பெட்டி போட்டு 20 செ.மீ. உயர்த்த வேண்டும். 1 மீட்டர் நூலில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாமலிருக்க ஒரு வாளித் தண்ணியில் மூழ்க விடுங்கள். அந்த மூட்டைகளிலிருந்து 20 கிலோவைப் பிரித்து 1.2 மீட்டர் குறுக்கே நகர்த்துங்கள். 20-ஐ 1.2-ஆல் பெருக்கி 1,350-ஆல் வகுத்தால் 0.0178. அதை நூல் நகர்ந்த மீட்டரால் வகுத்தால் ஜி.எம். இந்தப் படகில் நூல் 61 மி.மீ. நகர்ந்தது, விடை 0.29.

ஜி.எம்.மைக் கூட்டுவது எளிது. தகரக் கூரை 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது ஒன்றே 6 செ.மீ. தின்கிறது. 20 கிலோ தார்ப்பாய்ப் பந்தலாக மாற்றினால் பெரும்பகுதி திரும்பிவிடும். விறகு போட வசதி என்று பாய்லரை மேடை கட்டித் தூக்கியிருக்கிறார்கள், 25 செ.மீ. இறக்கினால் இன்னும் 3 செ.மீ. ஊட்டுத் தண்ணீர்த் தொட்டி 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. நீளம், தட்டையானது. தண்ணி பக்கம் பக்கமாக ஓடுவதில் 3.7 செ.மீ. போகிறது. நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு கால்பங்காகும். கூரையில் ஏற ஏணி மட்டும் வைக்கவே கூடாது. இரண்டு பேர் இருக்கையிலிருந்து 1.8 மீட்டர் மேலே போனால் 17 செ.மீ. காணாமல் போகும். 2009 தேக்கடியில் கவிழ்ந்த இரண்டடுக்குப் படகில் 45 பேர் இறந்தார்கள். 2023 தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, 22 உயிர்.

பின்பக்கம் ஒரே சக்கரம் வைத்துத் தரவும் செய்கிறார்கள். சாய்ந்தாலும் பக்கம் இழுக்காது என்பது லாபம். ஆனால் 100 கிலோ கடைசியில் தொங்குவதால் பின்புறம் 7 செ.மீ. அமுங்கி, முன்புறமான அணியம் அதே அளவு தூக்கும். பாய்லரை 2 மீட்டர் முன்னால் கொண்டுபோனால் ஏறக்குறைய சமன். மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலும் பாய்லர் முன்னால், இன்ஜின் பின்னால்தான்.

பாய்லர் கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவாக வைத்திருப்பதால் பாய்லர் சட்டத்துக்குள் வராது. அதற்காக ஓட்டும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் தண்ணீர்ச் சோதனை செய்யாமல் வாங்கிவிடாதீர்கள். ஆள் ஏற்றப் போகிறவர்களுக்கு 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி சர்வேயும் பதிவும் வேண்டும், பழைய வள்ளத்தின் மீன்பிடிப் பதிவு இதற்குச் செல்லாது.

சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறார்கள், கேட்டால் ரசீதும் காட்டுகிறார்கள். கடைசித் தவணையை மட்டும் மணல் மூட்டைச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள். கூரையை அதற்கு முன்னாலேயே கழற்றச் சொல்லிவிட்டால் இரண்டாம் முறை மூட்டை சுமக்க வேண்டியதில்லை.