ஏரிக்கரைச் சவாரி, சிகிச்சைச் சவாரி, வீட்டுத் தலையணை

என் மகளுக்கு ஏழு வயது. பெருமூளை வாதம். நிற்க வைத்தால் இரண்டு கால்களும் விறைத்து, கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். போன ஏப்ரல் சீசனில் நுவரெலியா கிரகரி ஏரிக்கரையில் அவளைக் குதிரையில் ஏற்றினோம். "சாதுவான குதிரை அக்கா, பயப்படாதீங்க" என்று குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடந்தார். இறங்கும்போது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் தலைக்கவசம் இல்லை. ஒரு பக்கம் நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடினேன், மறுபக்கம் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பார்க்கிறவர்கள் எல்லாம் "குதிரையில் ஏத்தினா கால் சரியாகுமாமே?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எந்தக் குதிரை, யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிகிச்சைச் சவாரி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஹிப்போதெரபி. அதை நடத்துபவர் பிசியோதெரபிஸ்ட் அல்லது அவரைப் போலப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர். அங்கே பிள்ளை குதிரை ஓட்டக் கற்பதில்லை, குதிரையின் நடைதான் மருந்து. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைகிறது, கொஞ்சம் சுழலவும் செய்கிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். நடந்தே பழகாத பிள்ளையின் இடுப்புக்கு அந்த அசைவு நிமிடத்துக்கு நூறு தடவை போலக் கிடைக்கிறது. சேணத்துக்குப் பதிலாக மெத்தை விரிப்பார்கள். குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 பாகை, அந்தச் சூடு விறைத்த தசையைத் தளர்த்தும். எங்கள் ஊர்க் குளிரில் மகளின் கால் எப்படி இறுகுகிறது என்று பார்த்தவளுக்கு இது சின்ன விஷயமில்லை.

மற்றது, மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சி. கடிவாளம் பிடிக்க, திருப்ப, நிறுத்தச் சொல்லித்தருபவர் சவாரி ஆசிரியர். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1944இல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். அப்படியிருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். கால் குணமாகி வெல்லவில்லை, கால் அப்படியே இருக்கத்தான் வென்றார். லயத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் அதுதான்.

என் மகள் மாதிரி உடம்பை நிமிர்த்தி உட்காரவே சிரமப்படும் பிள்ளைக்கு முதல் வகைதான் பொருந்தும். உட்காரத் தெரிந்த, ஆனால் ஒரு இடத்தில் நிற்காத, ஆட்களோடு ஒட்டாத பிள்ளைக்கு இரண்டாவதை யோசிக்கலாம். இரண்டிலும் ஒருவர் குதிரையை நடத்துவார், தேவைப்படும் பிள்ளைக்கு இரு பக்கமும் ஆள் நடப்பார்கள். ஏரிக்கரையில் இல்லாதது அதுதான். அங்கே குதிரையைத் தெரிந்தவர் இருக்கிறார், பிள்ளையின் உடம்பைத் தெரிந்தவர் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும், டாக்டர் பார்க்காமல் ஏற்றவே கூடாது. இடுப்பு மூட்டு விலகியிருந்தாலும், வலிப்பு கட்டுப்படாமல் இருந்தாலும் அப்படித்தான்.

சரி, வீட்டில்? பிசியோ மிஸ் சொல்லித்தந்தபடி தலையணைகளைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் மகளைக் காலைப் பரப்பி உட்கார வைக்கிறேன். தினமும் செய்யலாம், செலவில்லை. கண்டிப் பக்கம் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், இதில் அந்த இழப்பும் இல்லை. ஆனால் இது குதிரைக்கு ஈடில்லை. பெருமூளை வாதம் உள்ள 15 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஒரு ஆய்வு 2003இல் வெளிவந்தது. சிலரை 8 நிமிடம் குதிரையில் உட்கார வைத்தார்கள், மற்றவர்களை அதே 8 நிமிடம் அசையாத பீப்பாய் மேல். குதிரையில் இருந்தவர்களுக்கு இரு பக்கத் தசைகளும் சமமாக வேலை செய்வது கூடியது, பீப்பாயில் இருந்தவர்களுக்குக் கூடவில்லை. ஆய்வு சிறியது, அளந்ததும் சவாரி முடிந்த கையோடு. ஆனாலும் பலன் வெறும் கால் பரப்பலில் இல்லை, அசைவில் இருக்கிறது என்று அது எனக்குக் காட்டியது. அதனால் தலையணை மேல் இருக்கும்போது அவள் இடுப்பைப் பிடித்து மெதுவாக அசைத்துவிடுகிறேன். இப்படிச் செய்யலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

பெரியவர்களை ஏற்றுவதென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பலர் பின்பற்றும் அளவு. 250 கிலோ சின்னக் குதிரைக்கு 50 கிலோதான்.

இந்தச் சீசனிலும் மகள் ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்கிறாள். இடுப்பு எக்ஸ்ரேயை டாக்டரிடம் காட்டி அவர் சரியென்றால் கூட்டிப்போவேன். அவள் தலைக்குப் பொருந்தும் கவசம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மறுபக்கம் நடக்க அவள் மாமா வருகிறார். அதைச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன், அவளுடைய சந்தோஷத்துக்காகத்தான். தலையணை மறுநாள் காலையிலும் உண்டு.