பாறை மண்ணில் நிற்கும் கேரவனுக்கு எந்த டிரிப்பர்?

கேரவன் கட்டுவோர் முதலில் பேசுவது ஏ.சி. எத்தனை டன், படுக்கை எத்தனை அடி என்பதைப் பற்றித்தான், டிரிப்பர்கள், அதாவது ஆபத்தில் தானாகக் கரண்டை வெட்டும் சுவிட்சுகள், இருக்கும் டி.பி. பாக்ஸைப் பாடி கட்டும் பட்டறையின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டைவிடக் கேரவனுக்குத்தான் மின்காப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. தகர உடல் முழுவதும் மின்சாரத்தைக் கடத்தும். ரப்பர் டயர்கள் அதைத் தரையிலிருந்து பிரித்து வைக்கும். உள்ளே ஓரிடத்தில் ஃபேஸ் வயர் தோலுரிந்து தகரத்தைத் தொட்டுவிட்டால், ஈரத் தரையில் ஒரு காலை ஊன்றிக் கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும் ஆளின் உடல்தான் அந்தக் கரண்டுக்கு வழியாகும்.

கரண்ட் அளவு மீறினால் வெட்டும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றும், வண்டிக்குப் பக்கத்தில் அடித்த எர்த் கம்பி ஒன்றும் போதும் என்பது பலருடைய எண்ணம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அந்த எண்ணம் மிக ஆபத்தானது. கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும் நிலத்தில், கோடைக்காலத்தில் நான்கடிக் கம்பியில் பாதியை இறக்குவதே பெரும்பாடு. அதன் எர்த் ரெசிஸ்டன்ஸ் 200 ஓம் என்று வந்தால் வியப்பதற்கில்லை. 230 வோல்ட்டை 200 ஓமால் வகுத்தால் 1.15 ஆம்பியர். எம்.சி.பி.யின் கணக்கில் அது மூன்று மின்விசிறி ஓடுவதைப் போன்ற சாதாரண லோடு. ஆகவே அது விழாது, வண்டியின் உடலும் இரவெல்லாம் மின்சாரம் ஏறியபடியே நிற்கும். அதே இடத்தில் கசிவைக் கண்டு வெட்டும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கதை வேறு. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்பதை மட்டுமே அது பார்க்கிறது; 200 ஓம் எர்த்தாக இருந்தாலும், வண்டி உடலின் வோல்டேஜ் 6 வோல்ட்டைத் தொடும்போதே 30 மில்லியாம்பியர் கசிந்துவிடும். அந்த அளவில் 0.3 நொடிக்குள்ளும், 150 மில்லியாம்பியர் கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் அது விழ வேண்டும் என்பது தரவிதி. எர்த் மோசமாக உள்ள ஊரில் இதைவிட நல்ல துணை இல்லை.

ஆனால் ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு தெரியாது. கீசரும் ஏ.சி.யும் சேர்ந்து வயரைச் சூடாக்கினால் அது பேசாமல் இருக்கும். ஆகவே அதோடு எம்.சி.பி.யையும் சேர்க்க வேண்டும், அல்லது இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் ஆர்.சி.பி.ஓ.வை வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் என் தேர்வு ஆர்.சி.பி.ஓ.தான்: கீசருக்கும் ஏ.சி.க்கும் ஒன்று, ஃபிரிட்ஜுக்கும் பிளக்குகளுக்கும் மற்றொன்று. போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கீசர் காயில் சீக்கிரம் கசியத் தொடங்கும். வண்டி முழுவதற்கும் ஒரே கருவி என்றால், அது நள்ளிரவில் விழும்போது ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். வாங்கும்போது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் என்று கேட்டு வாங்குங்கள். போகும் இடத்துப் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சிங்கிள் போல் டிரிப்பர் நியூட்ரலை வெட்டிவிட்டு ஃபேஸை அப்படியே விட்டுவைக்கும். டிரிப்பரில் ஏ.சி. டைப் (இங்கே ஏ.சி. என்பது குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம்), ஏ டைப் இரண்டில் ஏ டைப்பையே எடுக்க வேண்டும். பேட்டரி சார்ஜர், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்றவற்றிலிருந்து துடிப்பான டி.சி.யாகக் கசியும் கரண்டை ஏ.சி. டைப் சரியாக உணராது. 100 மில்லியாம்பியர் கருவி ஆளைக் காக்காது. 10 மில்லியாம்பியர் கருவியோ நல்ல கருவிகளின் இயல்பான கசிவுக்கே அடிக்கடி விழுந்து, கடைசியில் யாரோ அதை ஜம்பர் போட்டுக் கடக்க வைத்துவிடுவார்கள்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் பரிந்துரைப்போரும் உண்டு. தரையோடு தொடர்பில்லாத கரண்ட் என்பதால் முதல் பழுதில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் 3 கே.வி.ஏ. என்றாலே அதன் கனம் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் தெரியும், இரண்டாவது பழுது வரும்வரை முதல் பழுதை யாரும் அறியவும் மாட்டார்கள். ஒரே ஒரு கருவிக்கு அது நல்லது, முழு வண்டிக்கு வேண்டாம். ஜெனரேட்டரிலும் இதே சிக்கல்தான்: அதன் நியூட்ரலை வண்டியின் உடலோடு ஓரிடத்தில் இணைக்காவிட்டால் ஆர்.சி.பி.ஓ. இருந்தும் பயனில்லை. வெளிக் கரண்டுக்கு மாறும்போது அந்த இணைப்பு தானாகப் பிரியும்படி சேஞ்ச் ஓவர் சுவிட்சை அமைக்கச் சொல்லுங்கள்.

கிராமத்து லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் 400 வரை ஏறக்கூடும். அதற்கு ஓவர் வோல்டேஜ் ரிலே அவசியம். இடிக்கான சர்ஜ் கருவி நல்ல எர்த் இல்லாமல் பெரிதாக உதவாது. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

இந்தக் கருவிகள் எதுவும் தடுக்காத ஒன்றைப் பென்னாகரம் சாலையில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து வண்டிக்குக் கரண்ட் எடுத்தபோது பார்த்தேன். தூறல் நின்ற மாலை. படியேறக் கைப்பிடியைத் தொட்டதும் விரலில் சுரீரென்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. வீல் நட்டில் வைத்த டெஸ்டர் பளிச்சென எரிந்தது. ஆர்.சி.பி.ஓ.வின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். ஒழுங்காக விழுந்தது, ஆனால் டெஸ்டர் அணையவில்லை. வீட்டு மெயினை அணைத்துப் பிளக்கைத் திறந்தபோது, எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்று இணைத்திருந்தது. போதாக்குறைக்கு ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. அதாவது எர்த் வயர் வழியாகவே 230 வோல்ட் வண்டியின் உடலுக்கு வந்துகொண்டிருந்தது. நம் டிரிப்பர் எர்த் வயரை வெட்டாது. டெஸ்ட் பட்டனும் எர்த்தைச் சோதிப்பதில்லை.

அன்றிலிருந்து எந்த இடத்திலும் முதலில் ஒரு பல்பை ஃபேஸிலிருந்து எர்த்துக்கும், பிறகு நியூட்ரலுக்கும் போட்டுப் பார்க்கிறேன். வயரைச் செருகிய பின், யாரும் படியில் கால் வைக்குமுன், டெஸ்டரை வீல் நட்டில் வைக்கிறேன். அது எரிந்தால் வயரை உருவிவிட்டு, அந்த இரவை பேட்டரியில் ஓட்டுகிறேன்.