எட்டு வயதில் பல்லுக்குக் கம்பி: டர்பன் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் எங்களுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். பிள்ளைகளின் பல் வரிசையைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர் யாரும் எங்களைப்போல் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடக் கூடாது.

என் மகளுக்கு எட்டு வயதானபோது மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அவற்றுக்குப் பக்கத்துப் பற்கள் விசிறிபோல் வெளியே சாய்ந்திருந்தன. பல் சுத்தம் செய்யப் போன இடத்தில், மருத்துவர் சிறு கண்ணாடியை ஒருமுறை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "இப்போதே கம்பி போடாவிட்டால் தாடை கோணிவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான்" என்றார். எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை, அச்சும் எடுக்கவில்லை. எங்களோடு இருக்கும் என் மாமியார் மட்டும், "கோரைப்பல் முளைச்சா சந்து தானா அடையும், பொறும்மா" என்றார். மருத்துவர் சொல்லும்போது வேறென்ன யோசிப்பது என்று, அந்த வாரமே 18,000 ராண்ட் கட்டினேன்.

நான்கு முன்பற்களில் 14 மாதங்கள் கம்பி இருந்தது. அதன் முனை கன்னத்தில் குத்திப் புண்ணானதால், பல நாள் இரவில் குழந்தை தயிர்ச் சோற்றைக்கூட விழுங்க முடியாமல் அழுதாள். கழற்றியபோது சந்து அடைந்திருந்தது. ஆனால் கம்பி ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு பல்லிலும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டுகள். பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் தட்டு எதையும் கொடுக்கவில்லை. நான்கே மாதத்தில் சந்து திரும்பி வந்தது. போய்க் கேட்டால், "இது முதல் கட்டம்தான், 12 வயதில் இரண்டாம் கட்டத்துக்கு 42,000 ராண்ட் ஆகும்" என்றார்கள். முன் அனுமதி பெறாததால் எங்கள் மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்டும் ஒரு சதம் தரவில்லை.

பிறகுதான் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்து, இன்னும் எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால்தான் அவை விரிந்து நிற்கின்றன என்றும், 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது இத்தகைய சந்து பெரும்பாலும் தானே மூடும் என்றும் படத்தைக் காட்டி விளக்கினார். கோரைப்பல் இறங்குவதற்கு முன்பே கம்பி போட்டு இழுத்தால், வேர் கோரைப்பல்லில் மோதிக் கரையவும் கூடுமாம். என் மகளின் வேர்கள் தப்பியது எங்கள் நல்ல காலம். என் மாமியார் சொன்னதைத்தான் அவரும் சொன்னார் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏழு வயதுக்குள் ஒருமுறை நிபுணரிடம் காட்டும்படி அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சங்கம் அறிவுறுத்துகிறது. ஆனால் காட்டுவது வேறு, கம்பி போடுவது வேறு. மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடித்தாலோ, கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நகர்ந்தாலோ, விழுந்தால் உடையும் அளவுக்கு முன்பல் துருத்தியிருந்தாலோ சீக்கிரமே தொடங்க நேரலாம். வெறும் சந்துக்கும் நெருக்கத்துக்கும், பெரும்பாலும் பால்பற்கள் விழுந்து முடியும் 11 முதல் 13 வயதுவரை காத்திருக்கலாம்.

கம்பி போடுகிறவர்கள் எல்லோரும் நிபுணர்கள் அல்லர். தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்முறை மன்றத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். நாங்கள் பணம் கட்டிய மருத்துவர் பொதுப் பல் மருத்துவராகத்தான் பதிவாகியிருந்தார். சிகிச்சைக் கோப்பின் நகலைக் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. மன்றத்தில் புகார் கொடுப்பதற்காக இப்போது ரசீதுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.