லிஃப்ட் செய்த பிக்கப்பில் 285 டயர்: ஓயாத உரசல்

நண்பர் ஒருவர் தன் பிக்கப்பை 2 அங்குலம் தூக்கிவிட்டார். அடுத்ததாக என் வண்டியில் இருக்கும் அதே அளவு டயரைப் போடலாமா என்று கேட்டார். என் வண்டியின் முன்பக்க ஃபெண்டர் லைனரை, அதாவது சக்கரக் கூட்டின் உட்புற பிளாஸ்டிக் உறையை, நான் மறுபடியும் மாற்றிவிட்டு வந்த வாரத்தில் கேட்டிருக்கிறார். பதிலில் காரம் தூக்கலாக இருந்தால் அதுதான் காரணம்.

கம்பெனி கொடுத்தது 265/70 ஆர்17: அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். நான் போட்டிருப்பது 285/70 ஆர்17, எல்டி எனப்படும் இலகு டிரக் வகை. விற்பவர்கள் இதை '33' என்றுதான் சொல்வார்கள். கணக்குப் போட்டால் விட்டம் 831 மி.மீ., 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய டயர் 803 மி.மீ. வித்தியாசமான 28-இல் பாதி, வெறும் 14 மி.மீ.தான் தரைக்கு மேலே கூடுதலாகக் கிடைக்கும். இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்பவர்கள் பின் அச்சுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒரே தண்டாக வரும் பின் அச்சில், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை சக்கரங்களோடு சேர்ந்தே நிற்கிறது. லிஃப்ட் கிட் பாடியையும் சேசிஸையும் தூக்குமே தவிர அந்த உருண்டையை ஒரு மயிரிழைகூடத் தூக்காது. அதைத் தூக்கக்கூடியது டயர் ஒன்றுதான். முன்பு கல்லில் இடித்துக்கொண்டு போன தடத்தில் இப்போது சத்தமில்லாமல் கடக்கிறேன். சேற்றில் டயரின் பட்டன்கள் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டிகள்) பிடிக்கும் பிடி, காற்றைக் குறைத்துவிட்டு மணலில் போகும்போது கிடைக்கும் மிதப்பு, இரண்டிலும் இந்த டயரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பக்கச் சுவரில் கூரான கல் கீறியும் தாங்கியிருக்கிறது.

ஆனால் அந்த உரசல்!

ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுவதுமாக ஒடித்து, பிரேக்கை லேசாக மிதித்தபடி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும். இடது முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். காரணம் ஒன்றல்ல, மூன்று ஒன்று கூடுகின்றன. இடப்பக்கம் ஒடிக்கும்போது இடது சக்கரம் பின்னோக்கி நகர்கிறது. பிரேக் பிடிப்பதால் மூக்கு தாழ்ந்து சக்கரம் கூட்டுக்குள் ஏறுகிறது. அதே பிரேக்கின் இழுவையில் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் நெகிழ்ந்து சக்கரத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் விடுகின்றன. டயரின் உள்விளிம்பு முதலில் லைனரைத் தின்கிறது. லைனர் தேய்ந்ததும் அதன் பின்னால், பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் பாடி மவுண்ட்டின் மூலையைத் தொடுகிறது.

"2 அங்குலம் தூக்கிவிட்டால் 33 தாராளமாக உட்காரும்" என்று கிட் பொருத்திய இடத்தில் அடித்துச் சொன்னார்கள். நின்ற இடத்தில் உண்மைதான், இடைவெளிக்குள் கையையே விடலாம். ஆனால் நிற்கும் வண்டியில் எந்த டயர் உரசுகிறது? சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டை. அது சேசிஸில் இருக்கும் வண்டிகளில், பம்ப் ஸ்டாப்பை நீட்டாதவரை, தூக்கினாலும் தூக்காவிட்டாலும் சக்கரம் ஏறி நிற்கும் கடைசி இடம் ஒன்றுதான். அங்கே போவதற்கான வழி மட்டும் நீண்டிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு விற்றால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் போட்டால் சரியாகும் என்றும் ஒரு யோசனை வரும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். பிளஸ் 30 ஆஃப்செட் ரிம்மைக் கழற்றிவிட்டு பூஜ்யம் போட்டால் சக்கரம் 30 மி.மீ. வெளியே வரும், பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப் போகப் போக, ஒடிக்கும்போது அது போடும் வட்டமும் பெரிதாகிறது. உள்ளே உரசாமல் தப்பித்தது பம்பர் ஓரத்திலும் கூட்டின் பின்பக்கத்திலும் உரசும். நான் கம்பெனி ரிம்மையே வைத்திருக்கிறேன். அந்த விஷயத்தில் நிம்மதி.

ஓரளவு குணம் கொடுத்தது அலைன்மென்ட். வண்டியைத் தூக்கியதும் காஸ்டர், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயத் தொடங்கியது. காஸ்டரைத் திரும்பப் பெற, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளில் மேல் ஆர்மைப் பின்னால் இழுக்கலாம், கீழ் ஆர்மை முன்னால் தள்ளலாம். முதல் வழியில் சக்கரம் பின்னோக்கி, அதாவது உரசும் திசையில் போகிறது. இரண்டாவதில் முன்னோக்கி விலகுகிறது. அலைன்மென்ட் திரையில் பச்சை எண் வந்தால் போதும் என்று நினைக்கும் கடைகளில் இந்த வேறுபாட்டைப் பேசவே முடியாது. பொறுமையான ஒரு மெக்கானிக் கீழ் ஆர்மின் இடத்தை நகர்த்தும் கேம் போல்ட்டைத் திருப்பி ஆர்மை முன்னால் வைத்த பிறகு சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சமிருப்பதுதான் லைனர் மாற்ற வைக்கிறது. பாடி மவுண்ட்டின் மூலையை வெட்டி மறுபடி பற்றவைத்தால் அதுவும் போய்விடும் என்கிறார். நல்ல இரும்பை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

எதிர்பாராத ஒரு சந்தோஷமும் உண்டு. ஐ.நா.வின் 39-ஆம் எண் விதிமுறைப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. அதனால் பெரும்பாலான வண்டிகளில் சற்றுக் கூட்டியே காட்டும். டயர் சுற்றளவு 3.5 சதவீதம் கூடியதும் என் முள்ளும் ஜிபிஎஸ்ஸும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. உங்கள் முள் ஏற்கெனவே சரியாகக் காட்டினால் இது சந்தோஷமல்ல, அபராதம்: 100 என்று காட்டும்போது 103.5-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். தூரமானியும் அதே அளவு குறைத்து எண்ணும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டிய பிறகும் விழுந்திருக்கும், அது வேறு கதை. எல்டி டயரின் எடை அப்படி. புறப்படும்போது காலில் கல் கட்டியது போன்ற ஒரு தயக்கம், ஏற்றத்தில் கியர் பெட்டியின் தடுமாற்றம், பிரேக்கில் சற்றே நீளும் தூரம் எல்லாமே உண்மை. பாரம் ஏற்றுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஸ்டெப்னியையும் மறக்கக்கூடாது. பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவைப் போட்டால், விட்டம் ஒத்துவராமல் அச்சுகளுக்கு நடுவே முறுக்கு ஏறும். புதிய அளவில் ஐந்தாவது டயர் வாங்கினாலும், பழைய ஸ்டெப்னி தொங்கிய இடத்தில் அது அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்னது: வேண்டாம். அவர் வண்டி வாரம் முழுவதும் பாரத்தோடு தார்ச்சாலையில் ஓடுவது. 265-லேயே நல்ல பட்டன் டயராகப் போட்டால் போதும். "அப்படியானால் நீ ஏன் கழற்றவில்லை?" என்று கேட்டார். கழற்ற மாட்டேன். இது தேய்ந்ததும் இதே அளவுதான் வாங்குவேன். அதற்கு அவருக்குப் புரியும்படி ஒரு காரணம் என்னிடம் இல்லை.

கேட்காமல் போடுவார் என்று தெரியும். போடுவதென்றால், பணம் கொடுக்கும் முன் ஒரு முன்சக்கரத்தை மட்டும் உயரமான மரக்கட்டையில் ஏற்றி, அந்தப் பக்கம் முழுவதும் அமுங்கிய நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்தது மறுபக்கச் சக்கரம். சமதளத்தில் ஒடித்துக் காட்டுகிறோம் என்று அவர்கள் சொன்னால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான்.