ஸ்பீக்கரா, கம்பியா, புளூடூத்தா: மடிக்கணினியின் ஒலிக்கு எது பொருந்தும்?

மடிக்கணினியின் ஒலியைக் கேட்பதற்கு நான்கு வழிகள் உள்ளன: அதனுடனேயே வரும் ஸ்பீக்கர், 3.5 மி.மீ. துளையில் செருகும் கம்பி ஹெட்போன், யூஎஸ்பி வழியே இணையும் ஹெட்செட் (மைக்கும் சேர்ந்த ஹெட்போன்), கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன். இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இசைத் தரத்தையும் விலையையும் மட்டுமே எடைபோடுகிறார்கள். வாங்குபவர் அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது வேறொன்று: கணினியில் வருவதைக் கேட்டால் மட்டும் போதுமா, அல்லது அதே கருவியின் வழியாகத் திரும்பப் பேசவும் வேண்டுமா? பாட்டும் படமும் மட்டும் என்றால் புளூடூத் மேலே நிற்கும். இணைய வகுப்பு, அலுவலகக் கூட்டம், நேர்காணல் என்று பேச்சு சேர்ந்துவிட்டால் தரவரிசை ஏறத்தாழ தலைகீழாகிவிடும்.

உள்ளமைந்த ஸ்பீக்கரின் குறை அதன் அளவிலேயே இருக்கிறது. தாழ்ந்த சுருதியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். கட்டைவிரல் அகலமுள்ள சவ்வுக்கு அந்த வலு கிடையாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகத் தேய்ந்துவிடுகிறது. ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுப் பார்த்தால் இது உடனே தெரியும்: மிருதங்கத்தின் வலந்தலை ‘நம்’, ‘தின்’ என்று கணீரென்று கேட்கும், இடப்பக்கத் தொப்பியிலிருந்து எழும் ஆழ்ந்த கும்கி மட்டும் ஏதோ தட்டும் ஓசையாகச் சுருங்கிவிடும். 2019இல் வந்த 16 அங்குல மேக்புக் புரோ போன்ற சில கணினிகள் ஆறு ஸ்பீக்கர்களை வைத்து இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன. நடுத்தர விலைக் கணினிகளில் அப்படி எதிர்பார்க்க முடியாது. ஆனால் செய்தி, பாடம், சொற்பொழிவு ஆகியவற்றுக்கு இதுவே தாராளமாகப் போதும். காதில் எதையும் மாட்டிக்கொள்ளத் தேவையில்லாத ஒரே வழியும் இதுதான்.

இந்த ஸ்பீக்கர்களைக் கெடுப்பதில் தூசியைவிட நம் அவசரத்துக்கே பங்கு அதிகம். ஒலி போதவில்லை என்று விஎல்சி போன்ற செயலிகளில் அளவை நூறு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. அந்தக் கரகரப்பை நெடுநேரம் ஓடவிட்டால் சிறிய சவ்வும் அதன் கம்பிச்சுருளும் தாங்காது. பல கணினிகளில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருப்பதால், மெத்தையின் மேல் வைத்தால் ஒலி அமுங்கிவிடும். காற்றுத் துளைகள் அடைபட்டுக் கணினி சூடாகும், விசிறி இரையும், அந்த இரைச்சல் மைக்கிலும் போய்ச் சேரும். ஒரு மரப்பலகையின் மேல் வைத்தாலே இவை அனைத்தும் பெருமளவு தீர்ந்துவிடும். வலைத்துளைகளைத் துடைக்க உலர்ந்த மென்தூரிகையே சரியான கருவி. ஈரத்துணியும் குண்டூசியும் கூடாது.

கம்பி ஹெட்போனைப் பழையது என்று ஒதுக்குகிறவர்கள் அதன் இரண்டு பெரிய பலங்களை மறந்துவிடுகிறார்கள்: ஒலி தாமதமின்றி வருகிறது, சார்ஜ் தீர்ந்துபோவதில்லை. ஆனால் வாங்கும்போது பின்னின் முனையைப் பார்க்க வேண்டும். இரண்டு கருப்பு வளையங்கள் இருந்தால் அது கேட்பதற்கு மட்டும். மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. பழைய மடிக்கணினிகளில் பச்சை நிறத்தில் ஹெட்போனுக்கும் இளஞ்சிவப்பில் மைக்குக்கும் தனித்தனித் துளைகள் இருக்கும். அவற்றில் மைக் வேலை செய்ய, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பான் வேண்டும். இப்போதைய கணினிகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே துளைதான்.

மைக் உள்ள பின்னிலும் இரண்டு மரபுகள் உண்டு. இன்று பரவலாக உள்ளது சிடிஐஏ. பழைய நோக்கியா கைப்பேசிகள் சிலவற்றோடு வந்த ஹெட்செட்டுகள் ஓஎம்டிபி. இரண்டிலும் மைக்குக்கும் பொதுத் தரைக்கும் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுத் தொடர்பு) உரிய இடங்கள் மாறியிருக்கும். மரபு மாறிய ஹெட்செட்டைச் செருகினால் விசித்திரமான ஒன்று நடக்கும்: பின்னணி இசை கேட்கும், பாடகரின் குரல் மட்டும் காணாமல் போய்விடும். திரைப்பாடல்களில் குரல் இரு காதுகளுக்கும் சமமாக, நடுவில் வைக்கப்படுகிறது. தரைத் தொடர்பு அறுந்துவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதுக்கு வரும், இரண்டிலும் பொதுவாக உள்ள குரல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இது மரபுச் சிக்கல்தான். பொத்தானால் மாற்றமில்லாமல், பின்னைச் சற்றே திருகும்போது குரல் வந்துபோனால், துளையில் அழுக்கு இருக்கிறது அல்லது கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. கணினியே கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கக் கொடுக்கப்படுபவற்றில் இந்த வகையும் உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

துளையின் ஆயுள் பின்னின் வடிவத்தைப் பொறுத்தது. மடியில் வைத்து வேலை செய்பவர்களுக்கு நேராக நீண்டிருக்கும் பின் நெம்புகோலாக மாறி, ஒவ்வொரு முறை தொடையில் இடிபடும்போதும் உள்ளே பலகையில் பற்றவைத்த இடத்தைத் தளர்த்துகிறது. ‘எல்’ வடிவப் பின் இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால், பின் செருகப்பட்டதா என்று அறியத் துளைக்குள் உள்ள உணர்தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்; கணினியை அணைத்துவிட்டு, பின்னில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லத் தடவி, சில முறை செருகி எடுத்து, நன்றாக உலரவிட்டால் பல நேரங்களில் சரியாகிவிடும்.

கம்பிக்கே உரிய இன்னொரு தொல்லை ‘ம்ம்’ என்ற இரைச்சல். மடிக்கணினியை வெளி ஆம்ப்ளிஃபையருடன் இணைத்து, இரண்டையும் வெவ்வேறு பிளக்கில் போடும்போது இது எளிதில் தலைதூக்கும். ஒரு நிமிடம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் எர்த் இணைப்புதான். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் போடுவது, மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஒலித் தனிமைப்படுத்தி ஒன்றை இடையில் சேர்ப்பது ஆகியவை முறையான தீர்வுகள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை நீக்கிவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து.

புளூடூத்துக்கு இந்த இரைச்சல் கிடையாது, ஏனெனில் கணினிக்கும் காதுக்கும் இடையே மின்தொடர்பே இல்லை. கேட்பதற்கு மட்டும் என்றால் அதன் தரத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக உள்ள எஸ்பிசி குறிமுறையே (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு சுமார் 328 கிலோபிட் வரை கொண்டுசெல்லும். சோனியின் எல்டிஏசி குறிமுறை 990 கிலோபிட் வரை போகும் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி விண்டோஸ் மடிக்கணினிக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் ஏமாறுவார்கள்: விண்டோஸ் அதைத் தானாக ஆதரிப்பதில்லை, எனவே ஹெட்போன் ஏஏசி என்ற வேறொரு குறிமுறைக்கோ எஸ்பிசிக்கோ இறங்கித்தான் ஓடும்.

உண்மையான வீழ்ச்சி மைக்கைத் திறக்கும் கணத்தில் நேர்கிறது. வழக்கமான புளூடூத்தில் இசைக்கான தடம் ஒருவழித் தடம். பேச்சுக்கு வேறு தடம், அது தொலைபேசி அழைப்புக்காக வகுக்கப்பட்டது. கூட்டச் செயலி ஹெட்செட்டின் மைக்கைக் கேட்டவுடன் கணினி இரண்டாவது தடத்துக்குத் தாவுகிறது. ஸ்டீரியோ மறைகிறது, மாதிரி எடுக்கும் வீதம், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பது, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகச் சரிகிறது. அந்த வீதத்தில் பாதி வரையுள்ள ஒலியே பதியும் என்பதால், 8 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் எஞ்சாது. ஸ, ஷ போன்ற உரசொலிகள் மழுங்கி, பேசுபவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் தோன்றும். பல்லாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கும் இதே கதிதான். இதற்குச் செலவில்லாத மாற்று ஒன்று உண்டு: ஒலி அமைப்பில் வெளியீட்டுக்குப் புளூடூத்தையும் உள்ளீட்டுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்தால் இசைத்தடம் அப்படியே நிலைத்திருக்கும். விசைப்பலகைச் சத்தம் சற்று அதிகமாகப் பதியும் என்பதுதான் அதற்கான விலை. எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையை வேரிலேயே தீர்க்கிறது; விண்டோஸ் 11 அதை 2023 முதல் ஆதரிக்கிறது என்றாலும், கணினியின் புளூடூத் சில்லு, ஹெட்செட் இரண்டுமே அதற்கு இசைந்தவையாக இருக்க வேண்டும்.

தாமதமும் உண்டு. சாதாரண புளூடூத்தில் ஒலி நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்திவரலாம். படம் பார்க்கும்போது அதை ஓட்டும் செயலி காட்சியையும் பிந்தவைத்துச் சரிசெய்துவிடும். விளையாட்டிலும் இசைப் பயிற்சியிலும் அது முடியாது. இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டு வந்தால் அருகில் செருகியுள்ள யூஎஸ்பி 3 வன்தட்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது.

இணையவழி சங்கீத வகுப்பில் இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே இடத்தில் மோதுகின்றன. சென்னையிலிருந்து ஆசிரியர் பாடுகிறார், டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ மாணவி கேட்டுப் பாடுகிறாள். கூட்டச் செயலியின் இரைச்சல் நீக்கி, தொடர்ந்து ஒரே சீராக வரும் ஒலி எதையும் விசிறிச் சத்தம் என்றே கருதுவதால், தம்பூராவைத் தேய்த்து அழித்துவிடுகிறது. நீட்டிப் பிடித்த கார்வையும் நடுவில் நைந்துபோகும். ஜூமில் இதற்காகவே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதி இருக்கிறது. ஆனால் அதில் எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிட்டால் ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் மீண்டும் நுழையும் என்பதால் ஹெட்போன் கட்டாயமாகிறது. அந்த ஹெட்போன் புளூடூத்தாக இருந்தால், இணையத்தின் தாமதத்தோடு அதன் தாமதமும் சேர்ந்துகொள்ளும். எனவே இங்கே கம்பிதான் வழி என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

யூஎஸ்பி ஹெட்செட் கம்பியின் நன்மைகளைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொண்டு, கணினியின் எண்வடிவத் தரவை ஒலியாக மாற்றும் சில்லைக் கணினிக்கு வெளியே கொண்டுவந்துவிடுகிறது. தனி டிரைவர் தேவையில்லை. செருகியதும் புதிய ஒலிக்கருவியாகத் தெரியும். 3.5 மி.மீ. துளை உடைந்த கணினிக்கு மதர்போர்டில் கைவைப்பதைவிட, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு மலிவானது, பாதுகாப்பானதும்கூட. பேச்சே தொழிலாக உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். விண்டோஸில் அழைப்பு வந்தவுடன் மற்ற ஒலிகள் திடீரென்று தேய்ந்தால் ஹெட்செட்டைச் சந்தேகிக்க வேண்டாம். சவுண்ட் அமைப்பின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதியில் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும் தேர்வு முன்கூட்டியே இடப்பட்டிருக்கும், அதை மாற்றினால் போதும்.

ஆயுள் கணக்கில் புளூடூத் இயர்பட்ஸ் கடைசி இடம்தான். அவற்றின் சின்னஞ்சிறு லித்தியம் பேட்டரி தேய்ந்ததும், பெரும்பாலான வகைகளில் மாற்ற வழியில்லாமல் முழுவதையும் கழிக்க வேண்டியிருக்கும். எந்த வழியில் கேட்டாலும் காதுக்கான வரம்பு ஒன்றே: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்றும் குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றும் வகுத்திருக்கிறது.

3.5 மி.மீ. துளையே இல்லாத மடிக்கணினிகளும் வரத் தொடங்கிவிட்டன. 2022இல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் அவற்றில் ஒன்று. இவற்றுக்கு டைப்-சி இணைப்பான் வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சில இணைப்பான்களுக்குள் ஒலிமாற்றிச் சில்லு இருக்கும். சிலவற்றில் வெறும் கம்பி மட்டுமே இருக்கும், குறிப்பிட்ட கைப்பேசிகளுக்கு உதவும் அவை பெரும்பாலான மடிக்கணினிகளில் ஊமையாகக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கடையிலேயே கணினியில் செருகி, ஒலி அமைப்பில் புதிய கருவியின் பெயர் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.